மே மாதம் ட்ரென்ட் ஆற்றில் பிக்கரல்: ஆறும் புதுசு, ஓடுற தண்ணியும் புதுசு

ஸ்காபுரோ_சுதன்

எல்லாருக்கும் வணக்கம். மே முதல் சனிக்கிழமை கனடா ஒன்ராறியோவில உள்ள ட்ரென்டனில, ட்ரென்ட் ஆற்றில பிக்கரல் (வால்ஐ) மீன் பிடிக்கப் போற யோசனை. படகு இல்லை, கரையில நிண்டுதான். வாவிக் கரையில பேர்ச் மீன், சிம்கோ வாவியில ஐஸ் மீன்பிடி ரெண்டும் பழக்கம். ஆற்றைப் பற்றி ஒண்டும் தெரியாது.

கையில இருக்கிறது: 6 அடி 6 அங்குல மீடியம் தடி, 2500 ரீல், 8 றாத்தல் தங்கூசி, 1/8 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைச்ச தூண்டில் முள்) ஒரு பெட்டி, கொஞ்சம் 3 அங்குல ரப்பர் வால்.

எங்க நிக்கிறது? எந்த நேரம்? மின்னோவா (இரைக்குப் போடுற சின்ன மீன்), புழுவா, ரப்பரா? எந்த நிறம் வாங்க? கடையில நிறம் மட்டும் நாப்பது வகை தொங்குது.

ஆத்தங்கரை

தம்பி, நிறத்தைக் கடைசியாப் பாப்பம். முதல்ல அந்த நாளில மீன் ஏன் ஆற்றுக்குள்ள நிக்குது எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ. அது விளங்கினால் தெரியாத ஆற்றிலயும் இடம் பிடிபடும்.

ஐஸ் உடைஞ்ச பிறகு, ட்ரென்ட் ஆறு விழுகிற குடாவான பே ஆஃப் குயின்டேயில இருந்து பிக்கரல் ஆறுகளுக்குள்ள ஏறும். ட்ரென்ட், பெல்வில்லில மொய்ரா, நாப்பனி, எல்லாம் இதே கதைதான். ஆண் மீன் முந்தி வரும். தண்ணி 6 முதல் 10 பாகை செல்சியஸ் வரேக்க, இரவில, பருக்கைக்கல்லும் உருளைக்கல்லும் உள்ள ஓட்டத்தில முட்டையைத் தூவும். பாஸ் மீன் மாதிரிக் கூடு கட்டாது, காவலும் இருக்காது. பெட்டை முட்டையை விட்ட கையோட கீழ இறங்கிப் போயிடும். ஆண் மீன் அடுத்த பெட்டைக்காக நாள்கணக்கா அங்கயே நிக்கும்.

இந்த ஆறுகளில முட்டையிடுற காலம் முழுக்கப் பிக்கரல் பிடிக்கிறதை மூடித்தான் வைச்சிருப்பினம். திறக்கிற நாளில ஆற்றில நீங்கள் சந்திக்கப் போறது, வேலை முடிஞ்சு பசியோட நிக்கிற நடுத்தர ஆண் மீன்களையும், பிந்தி இறங்கிற சில பெரிய பெட்டைகளையும். வசந்தம் பிந்தின வருசமெண்டால் கன மீன் அணைக்குக் கீழயே நிக்கும். முந்தின வருசமெண்டால் ஆற்று வாய்க்கும் குடாவுக்கும் இறங்கியிருக்கும். அதாலதான் நான் நாட்காட்டியைவிட வெப்பமானியை நம்பிறது. 5 டொலர் வெப்பமானியை நூலில கட்டித் தண்ணிக்குள்ள 2 நிமிசம் விடுங்கோ. 10 பாகைக்குக் கீழ எண்டால் மேல் பக்கம், அணையை நோக்கித் தேடுங்கோ. 12, 13 எண்டால் கீழ் பக்கம், ஆற்று வாயும் துறைமுகச் சுவரும்.

இனி இடம். முட்டையிட்டுக் களைச்ச மீன் வேகத் தண்ணிக்குள்ள நிண்டு மல்லுக்கட்டாது. ஆனால் இரை வாறது வேகத் தண்ணியிலதான். அதால ரெண்டும் சந்திக்கிற கோட்டில, மெதுவான பக்கம் நிக்கும். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும்: ஒரு பக்கம் தண்ணி சுருண்டு ஓடும், மற்றப் பக்கம் வழுவழுப்பா இருக்கும், நுரையும் சருகும் நடுவில வரிசையாப் போகும். பாலத் தூணுக்குப் பின்பக்கம், கரை மூக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற இடத்துக்குக் கீழ, அணைக்குக் கீழ உள்ள பள்ளம் மேடாகி முடியிற இடம், சின்ன ஓடை வந்து கலக்கிற வாய். புது ஆறெண்டால் தடியை எடுக்க முதல் அரை மணித்தியாலம் கரையால நடந்து இந்த நாலையும் குறிச்சுக்கொள்ளுங்கோ. வெளிச்சம் இருக்கேக்க நடக்கோணும். இருட்டில போய் இடம் தேடினால் இடமும் கிடையாது, காலும் போயிடும்.

நேரம்: விடியமுன் ஒரு மணித்தியாலம், பொழுதுபட்டுப் பிறகு ரெண்டு மணித்தியாலம். இந்த மீனின்ர கண் மங்கல் வெளிச்சத்துக்கு எண்டே அமைஞ்சது, விழித்திரைக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற படலம் இருக்கு. 90களில சீப்ரா மசல் எண்ட சிப்பி வந்த பிறகு குயின்டேத் தண்ணி நல்லாத் தெளிஞ்சுபோச்சு. தெளிஞ்ச தண்ணி, நல்ல வெயில், நடுப்பகல் மூண்டும் சேர்ந்தால் வீட்டில நித்திரை கொள்ளலாம். முகில் மூட்டமோ, மழைக்குப் பிறகு லேசாக் கலங்கின தண்ணியோ எண்டால் பகலிலயும் கடிக்கும்.

டெட்ராய்ட்_குமரன்

இடம் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. நான் எடையைப் பத்தி மட்டும் சொல்றேன். ஏரியில பழகினவங்க ஆத்துல வெறுங்கையோட திரும்புறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

உங்ககிட்ட இருக்கிற 1/8 அவுன்ஸ் மட்டும் போதாது. 1/8, 1/4, 3/8, 1/2, நாலும் வேணும். கிராமில 3.5, 7, 10.5, 14. தோராயமா இப்படித் தொடங்குங்க: ஆள் மெதுவா நடக்கிற வேகத்துல தண்ணி ஓடி, ஆழம் ஒன்றரை மீட்டர்னா 1/8. வேக நடை, 2 மீட்டர்னா 1/4. 3 மீட்டர் ஆழமும் நல்ல இழுப்பும் இருந்தா 3/8, சில சமயம் 1/2.

எறியறது எப்படின்னா: ஆத்தைப் பார்த்து நில்லுங்க. தண்ணி இடதுலேருந்து வலது பக்கம் ஓடுதுன்னு வெச்சுக்கலாம். கடிகாரத்துல 10 மணி திசையில, மேலோட்டம் பார்த்து எறியணும். ரீல்ல இருக்கிற கம்பி வளைவை (பெயில்) மூடினதும் ராடு நுனியை 10 மணி உயரத்துல வெச்சு, நூல் தொய்வில்லாம, ஆனா இறுக்காமலும், ஜிக் கூடவே நுனியைத் திருப்பிக்கிட்டு வாங்க. அடியில தொட்டதும் ஒரு சின்ன 'டிக்' வரும். நுனியை ஒரு சாண் தூக்கி, ரீலை அரைச் சுத்து சுத்தி, மறுபடியும் இறங்க விடுங்க. ஒவ்வொரு ஒண்ணு ரெண்டு மீட்டருக்கும் ஒரு தடவை அடி தட்டணும். ஜிக் 2 மணி திசைக்கு வந்துட்டா நூல் வில்லா வளைஞ்சு ஜிக்கை மேல தூக்கிடும். அதுக்கு மேல காத்திருக்காம சுத்தி எடுத்துடுங்க.

தட்டவே இல்லைன்னா லேசா இருக்கு, ஒரு படி ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் போய் உக்காந்துட்டா, கல்லுல மாட்டுதுன்னா கனமா இருக்கு, ஒரு படி இறக்குங்க. பத்தடி நகர்ந்தாலே ஓட்டம் மாறிடும், எடையும் மாறணும். ஒரே ஜிக்கை நாள் முழுக்க மாத்தாம எறியறவர் ஒரே இடத்துல மட்டும்தான் உண்மையில மீன் பிடிக்கிறார், மத்த இடத்துல எல்லாம் ராடைக் குளிப்பாட்டுறார்.

கடி ஐஸ்ல வர்ற மாதிரி வெட்டி இழுக்காது. நூல்ல ஒரு 'டக்', இல்லைன்னா இறங்கிக்கிட்டே இருந்த ஜிக் பாதியில நின்னுடும், இல்லைன்னா ஈரத்துணி ஒட்டின மாதிரி கனமா இருக்கும். சந்தேகம் வந்தா உடனே மணிக்கட்டால வெட்டுங்க. மொத்தக் கையையும் வீசி வெட்டினா வாய் கிழியும், மீன் இல்லைன்னா ஜிக் முகத்துக்கே வரும்.

வாட்டர்லூ_பாலா

குமரன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன்: 8 பவுண்டு தங்கூஸ் வேண்டாம். தடிமன் ஜாஸ்தி, ஓட்டம் அதைப் பிடிச்சு இழுக்கும், நீளும், அடி தட்டுறதும் தெரியாது. 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) போடுங்க, நுனியில 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நூல் ஒரு மீட்டர், ரெண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு. ஃப்ளோரோ பிரெய்டைவிட பலம் குறைஞ்சதா இருக்கிறது முக்கியம். மாட்டினா ஜிக் கிட்ட அறும், 20 மீட்டர் பிரெய்டு ஆத்துக்குள்ள கிடக்காது.

இரை விஷயத்துல எனக்கு ரப்பர்தான். வெள்ளை, சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பளிச் பச்சை), பச்சையும் கருப்பும் கலந்த ஒண்ணு, மூணு நிறம் போதும். கலங்கின தண்ணிக்கு சார்ட்ரூஸ், தெளிஞ்ச தண்ணிக்கு வெள்ளையோ மீன் நிறமோ. ரப்பரை ஜிக்ல நேரா கோக்கணும். வளைஞ்சு கோத்தா தண்ணியில பம்பரமா சுத்தி நூலை முறுக்கிடும். கோத்ததும் காலடியில விட்டு இழுத்துப் பாருங்க, வால் ஆடணும், உடம்பு சுத்தக் கூடாது.

ஆத்தங்கரை

பாலா, 8 பாகைத் தண்ணியில ரப்பரைவிட மின்னோ தான் கூடக் கடி வாங்கும், இதில நான் விட்டுக்கொடுக்க மாட்டன். குளிரில மீன் துரத்தாது, வாயில பிடிச்சு மணந்து பாத்திட்டுத் துப்பும். மின்னோவை ரெண்டு செக்கன் கூட வைச்சிருக்கும், அந்த ரெண்டு செக்கன் புதுசாப் பழகிறவருக்கு வேணும். 12 பாகைக்கு மேல வந்தால் நீங்கள் சொல்லுறது சரி, ரப்பரே காணும்.

சுதன், 6 முதல் 8 செ.மீ. மின்னோ. வாய்க்குள்ளால முள்ளை விட்டு மேல் மண்டையால வெளிய எடுங்கோ. ஜிக்கோட ஒட்டி நிக்கோணும், தொங்கக் கூடாது. உதட்டில மட்டும் கோத்தால் ரெண்டாவது எறியில பறந்துபோயிடும். மின்னோ கிடைக்காட்டி மண்புழுவில அரைவாசி, நுனியை ஜிக்கில கோத்து 5 செ.மீ. மட்டும் வாலா விடுங்கோ. முழுப் புழு போட்டால் நுனியை மட்டும் கடிச்சிட்டுப் போகும்.

வாலைக் கடிச்சு வாலைக் கடிச்சு விடுதெண்டால் முதல்ல இரையைச் சின்னனாக்குங்கோ. பிறகுதான் பின்னால ரெண்டாவது முள் கட்டுற கதை.

வாட்டர்லூ_பாலா

குளிர்ல மின்னோ மேல்ங்கிறதை ஒத்துக்கிறேன் அண்ணே. ஆனா விரல் விறைச்சுப் போன நேரத்துல மின்னோ கோத்துக்கிட்டிருக்கிற நேரத்துக்கு நான் நாலு தடவை எறிஞ்சிருப்பேன். ரெண்டும் கொண்டு போகட்டும்.

பனிப்பூ

ஒரு யோசனை. மே வரைக்கும் ஏன் பாத்துக்கொண்டு இருக்கோணும்? இப்ப ஏப்ரலிலயே போய்ப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுப் பழகலாமே? வீட்டுக்குக் கொண்டு போகாட்டிச் சரிதானே?

நளாயினி

இல்லை. மூடின காலத்தில அந்த மீனை நோக்கித் தூண்டில் போடுறதே குற்றம், விட்டாலும் குற்றம்தான். முட்டையிடுற மீனை ஓட்டத்தில பிடிச்சு மல்லுக்கட்ட வைச்சால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. 'நான் பேர்ச் பிடிக்கிறன்' எண்டு 1/2 அவுன்ஸ் ஜிக்கோட அணைக்குக் கீழ நிக்கிறவரை அதிகாரியும் நம்பமாட்டார்.

பழகோணுமெண்டால் அந்தக் காலத்தில ஆற்றங்கரையால நடந்து இடம் பாருங்கோ, தடி இல்லாமல்.

சட்டத்தை ஒரே இடத்தில எழுதி விடுறன்:

விதிநூலில இந்த மீன் 'வால்ஐ' எண்டுதான் இருக்கும், கடைக்காரர் 'பிக்கரல்' எண்டுவார். மாகாணம் மண்டலங்களாப் பிரிச்சிருக்கு. பே ஆஃப் குயின்டே 20ஆம் மண்டலம்: மே முதல் சனி திறக்கும், ஸ்போர்ட் லைசன்சுக்கு 4 மீன், கொன்சவேஷன் லைசன்சுக்கு 2, ரெண்டிலயும் 63 செ.மீ.க்கு மேல ஒண்டு மட்டும். ரைஸ் லேக் 17ஆம் மண்டலம்: மே ரெண்டாவது சனிதான் திறக்கும், 35க்கும் 50 செ.மீ.க்கும் இடைப்பட்ட மீன் மட்டும் வைச்சிருக்கலாம். ட்ரென்ட் ஆறு ரைஸ் லேக்கில தொடங்கிக் குயின்டேயில விழுகுது. அதாவது ஒரே ஆற்றில மேலயும் கீழயும் திறக்கிற நாளும் வேற, அளவும் வேற. 'ட்ரென்ட் ஆறு திறந்தாச்சு' எண்டு ஆராவது சொன்னால் 'எந்தப் பக்கம்?' எண்டு கேளுங்கோ. மாகாணத்தின்ர 'ஃபிஷ் ஒன்-லைன்' வரைபடத்தில நீங்கள் நிக்கப்போற புள்ளியைத் தட்டினால் மண்டலம் வரும்.

மண்டலப் பக்கத்துக்குக் கீழ விதிவிலக்குப் பட்டியல் இருக்கும், அதையும் வாசிக்கோணும். அணைகளுக்குக் கீழ சில துண்டுகள் மீன் சரணாலயம், திறக்கிற திகதி வேற. அந்த வருச விதிநூலைத்தான் பாருங்கோ, போன வருசத்தது வேண்டாம்.

18 முதல் 64 வயது வரை அவுட்டோர்ஸ் கார்டும் லைசன்சும் வேணும். அன்னையர் தின வார இறுதியில கனடாவில வசிக்கிற ஆக்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை, ஆனால் கொன்சவேஷன் அளவுதான் பொருந்தும். அது முதல் சனிக்கிழமையோட ஒத்து வாறது மே 7 சனியா வாற வருசத்தில மட்டும். ஆகவே அதை நம்பிப் போகாதேங்கோ.

கரையில நிக்கிறவருக்கு ஒரு தடி மட்டும். ஒரு நூலில 4 தூண்டிலுக்கு மேல கூடாது. மின்னோவோ அட்டையோ வாங்கினால் ரசீதைப் பத்திரமா வைச்சிருங்கோ, ரெண்டு கிழமைக்குள்ள முடிக்கோணும். இரைக்கெண்டு வேற மண்டலப் பிரிப்பு இருக்கு, அதைத் தாண்டிக் கொண்டு போகக்கூடாது. ஸ்காபுரோவும் ட்ரென்டனும் ஒரே தெற்கு இரை மண்டலம், அந்த வகையில பிரச்சினை இல்லை. மிஞ்சினதை ஆற்றில ஊத்தக்கூடாது, கரையில இருந்து 30 மீட்டருக்குள்ளயும் ஊத்தக்கூடாது.

ட்ரென்ட்-செவேர்ன் கால்வாய் பார்க்ஸ் கனடாவின்ர பொறுப்பு. லொக் (படகை ஏத்தி இறக்கிற அடைப்பு) மதிலில இருந்தும் அதுக்கு 10 மீட்டருக்குள்ளயும், படகுப் பாதைக்கு மேல போற பாலத்தில இருந்தும் தூண்டில் போடக்கூடாது. மற்ற ஆக்கள் நிக்கினம் எண்டு பாத்து நீங்களும் போய் நிக்காதேங்கோ.

ஸ்காபுரோ_சுதன்

அக்கா, இதை ஒரே இடத்தில எழுதினதுக்கு மெத்தப் பெரிய நன்றி. ரெண்டு கேள்வி.

1. ஜிக் கல்லில சிக்கினால் என்ன செய்யிறது? நாலு எடையும் வாங்கி ஒரு நாளில முடிஞ்சுபோகும் போல கிடக்கு.
2. இடுப்பளவு வேடர் (தண்ணிக்குள்ள நிக்கப் போடுற நீர் புகாத உடுப்பு) வாங்கோணுமா? தள்ளுபடியில போகுது.

ஆத்தங்கரை

சிக்கும். ஆற்றில ஒரு நாளுக்கு 15, 20 ஜிக் எண்டு கணக்குப் போட்டுத்தான் போகோணும். சிக்காமல் இருந்தால் அடி தொடேல்லை எண்டுதான் கருத்து. அதால விலை கூடின ஜிக் வேண்டாம், வெறும் ஈயத்தலை மொத்தமா வாங்குங்கோ, நிறம் பூசாததெண்டாலும் பரவாயில்லை.

சிக்கினதும் தடியை வளைச்சு இழுக்காதேங்கோ. அது முள்ளை இன்னும் ஆழமா இறக்கும். தடியை நீட்டி நூலைத் தொய்ய விட்டு, ஓட்டம் நூலைக் கீழ கொண்டு போகட்டும். பேந்து மேலோட்டப் பக்கமா பத்துப் பதினைஞ்சு அடி நடந்து போய், அங்கயிருந்து சின்னச் சின்னதா நுனியைச் சுண்டுங்கோ. தண்ணி ஜிக்கைக் கல்லுக்குக் கீழ தள்ளித்தான் சிக்க வைச்சது, வந்த வழியால திருப்பித்தான் எடுக்கலாம். இன்னொரு வழி: ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில நூலைப் பிடிச்சு வில் நாண் மாதிரி இழுத்து டக்கெண்டு விடுங்கோ. மூண்டு நாலு தரம்.

ஒண்டுக்கும் வராட்டி அறுக்கோணும். பிரெய்டைக் கையில சுத்தி இழுத்தால் விரல் வெட்டும். ஒரு மரக்கட்டையிலயோ ஜக்கெட் கையிலயோ நாலு சுத்துச் சுத்தி, தூண்டில் தடியை நூலுக்கு நேரா வைச்சுப் பின்னால நடவுங்கோ. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஈயம் விடுபட்டால் துவக்குக் குண்டு மாதிரி வரும்.

மெல்லிய கம்பி முள் உள்ள ஜிக் வாங்கினால் 10 றாத்தல் பிரெய்டில நேராகிக் கழண்டு வரும். குறட்டால வளைச்சுத் திருப்பிப் பாவிக்கலாம், ரெண்டு தரம் மட்டும்.

டெட்ராய்ட்_குமரன்

கல்லு ரொம்ப மோசமா இருக்கிற இடத்துக்கு அமெரிக்காவில ஓஹையோ மாநிலத்து மாமி (Maumee) ஆத்துப் பாணி ஒண்ணு இருக்கு, கரோலினா ரிக். மெயின் நூல்ல 1/2 அல்லது 3/4 அவுன்ஸ் முட்டை வடிவ ஈயம் கோத்து, கீழே ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (சுழலும் வளையம்). ஸ்விவலுக்கு அந்தப் பக்கம் 50 முதல் 90 செ.மீ. 8 பவுண்டு ஃப்ளோரோ, நுனியில மிதக்கிற ஜிக்தலை, அதுல ரப்பர் வால். ஈயம் அடியில உருண்டு போகும், முள் ஒரு அடி மேல மிதந்து போகும். மணி எதுக்குன்னா, ஈயம் முடிச்சை அடிச்சு நைய வைக்காம இருக்க. ஃப்ளோரோ பிரெய்டைவிட பலம் குறைஞ்சதா இருந்தா, மாட்டினாலும் முள் மட்டும் போகும், ஈயம் திரும்பி வரும். எறியற கோணம் ஜிக்குக்கு சொன்ன அதே 10 மணிதான்.

மாமியில முட்டையிடுற காலத்துலயே பிடிக்க அனுமதி உண்டு, மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை கூட்டம் அலைமோதும். ஆனா கட்டுப்பாடும் அதுக்கேத்த மாதிரி: மார்ச், ஏப்ரல்ல ஒத்தை முள் மட்டும், சூரியன் உதிச்சு மறையற வரைக்கும்தான், வாயில இல்லாம உடம்புல குத்தின மீனை உடனே விடணும். அந்த நெரிசல்ல கரோலினா ரிக் ஓட்டத்தோட போகும்போது மீனோட வயித்துலயும் முதுகுலயும் குத்திடும், அதனால நீண்ட வீச்சா இழுக்கிறது அங்க கெட்ட பேர். ஒன்டாரியோவிலயும் வேணும்னே உடம்புல குத்தி இழுக்கிறது குற்றம்தான். முதுகுல குத்தி வந்தா விட்டுடுங்க.

நளாயினி

வேடர் கேள்விக்கு: ட்ரென்டில முதல் தரம் போறவர் வேடரோட தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம்.

மாமியில ஆயிரக்கணக்கில ஆக்கள் இடுப்பளவு தண்ணியில நிக்கிற படத்தைப் பாத்திட்டு இங்க அதே மாதிரிச் செய்ய நினைக்கினம். இது அகலமான ஆழமில்லாத ஆறு இல்லை. அணையால கட்டுப்படுத்திற ஆறு. அடி சுண்ணாம்புக் கல்லுப் படி, பாசி பிடிச்சு வழுக்கும், ஒரு அடி முன்னால வைச்சால் முழங்கால் ஆழம் கழுத்தளவாகும். அணைக் கதவு திறந்தால் நிண்ட இடத்தில மட்டம் ஏறும். அணைக்கு மேலயும் கீழயும் கட்டியிருக்கிற எச்சரிக்கை மிதவையும் பலகையும் அலங்காரத்துக்கு இல்லை, அதைத் தாண்டக்கூடாது.

8 பாகைத் தண்ணியில விழுந்தால் 1-10-1 எண்டு நினைவில வைச்சிருங்கோ. முதல் 1 நிமிசம் மூச்சுத் திணறும், அதை அடக்கோணும். அடுத்த 10 நிமிசம்தான் கைகால் சொன்னபடி கேக்கும். அறிவு மயங்க 1 மணித்தியாலம் அளவில ஆகும். நீந்தத் தெரியும் எண்டது அந்தப் 10 நிமிசத்துக்குப் பிறகு உதவாது. பாறையில நிக்கிறதெண்டாலும் இடுப்பில கட்டிற மெல்லிய ஊதுற உயிர்காப்பு அங்கி ஒண்டு போடுங்கோ.

போக முதல் இணையத்தில நீரளவைத் தளத்தில ஓட்டத்தைப் பாருங்கோ. எண்ணைவிடப் போக்கு முக்கியம்: மூண்டு நாளா இறங்கிக்கொண்டு வருதெண்டால் நல்லது. ஒரே இரவில செங்குத்தா ஏறியிருந்தால் போகாதேங்கோ.

வேடர் காசுக்கு நல்ல தலைவிளக்கு ரெண்டு, அடியில ஆணி உள்ள சப்பாத்து ஒண்டு, நீளக் கைபிடி உள்ள கைவலை ஒண்டு வாங்கலாம்.

வாட்டர்லூ_பாலா

கைவலை பத்தி அக்கா சொன்னது ரொம்ப சரி. உயரமான சுவர்லேருந்து மீனை நூலால தூக்கினா பாதி வழியில விழுந்துடும். வலையைத் தண்ணிக்குள்ள முதல்லயே வெச்சுட்டு, மீனை ஓட்டத்துக்கு மேல பக்கமா கொண்டு வந்து, தலை முதல்ல வலைக்குள்ள இறங்கற மாதிரி விடுங்க. வாலுக்குப் பின்னாடி வலையைத் துரத்திக்கிட்டு போனா ஒரு உதை, போச்சு.

ராத்திரிக்கு ஒரு மாற்று: இருட்டினதும் ஜிக்கைக் கழட்டிட்டு 10 முதல் 12 செ.மீ. நீளமான மெல்லிய மின்னோ வடிவக் கிராங்க்பெய்ட் (செயற்கை மீன்), ராப்பாலா ஹஸ்கி ஜெர்க் வகை. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறங்கறது போதும். குறுக்கா எறிஞ்சு ரொம்ப மெதுவா, வால் ஆடுறது ராடு நுனியில தெரியற அளவுக்கு மட்டும் சுத்துங்க. வேகமா சுத்தறவங்கதான் அதிகம். பகல்ல 3 மீட்டர் ஆழத்துல இருந்த மீன் ராத்திரி முழங்கால் ஆழத்துக்கு வந்து நிக்கும், அதனால காலடி வரைக்கும் சுத்தி முடிங்க, தலைவிளக்கைத் தண்ணிமேல அடிக்காதீங்க.

நுனியில சின்ன ஸ்னாப் (கொக்கி) போடுங்க. கனமான ஸ்விவலோ ஸ்டீல் நூலோ போட்டா மூக்கு கீழ இழுத்து ஆட்டம் செத்துடும்.

ஸ்காபுரோ_சுதன்

பிடிபட்டால் வீட்டுக்கு ரெண்டு கொண்டு வர விருப்பம். வெட்டித் துப்பரவாக்கிக் கொண்டு வரலாமா? குழந்தைகளுக்குக் குடுக்கலாமா?

ஆத்தங்கரை

அங்கயே வெட்டாதேங்கோ. அளவுக் கட்டுப்பாடு இருக்கிற மீனை வழியில ஆராவது மறிச்சு அளந்து பாக்கக்கூடிய மாதிரி முழுசாத்தான் கொண்டு வரோணும். வயித்தையும் செவுளையும் எடுக்கலாம், தலையும் வாலும் இருக்கோணும். அளக்கிறது வாயை மூடி, வாலை ஒடுக்கி, நுனியில இருந்து நுனி. கரையில கோர்வையில போட்ட மீன் உங்கட கணக்கில சேர்ந்திட்டுது. பேந்து பெரிசு வந்தால் சின்னனை விட்டுட்டு மாத்தேலாது.

வைச்சிருக்கிற மீனை உடனே அடிச்சுச் சாகடிச்சு, செவுளை வெட்டி இரத்தம் வடிய விட்டு, ஐசுக்குள்ள வையுங்கோ. கோர்வையில மணிக்கணக்காச் சாக விட்டால் சதை சாம்பல் நிறமாகும், மணக்கும். வெள்ளைச் சதை, முள் குறைவு. பொரியலுக்கு நல்லம், குழம்புக்கு உடைஞ்சுபோகும். தோலோட துண்டு போட்டுக் கடைசியா இறக்கினால் குழம்பிலயும் நிக்கும்.

குழந்தைகளுக்கு: மாகாணம் 'ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி' எண்டு ஒண்டு வெளியிடுது. நீர்நிலை, மீன் இனம், நீளம் மூண்டையும் குடுத்தால் மாதத்துக்கு எத்தினை தரம் சாப்பிடலாம் எண்டு வரும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு. மீன் பெருக்கப் பெருக்கப் பாதரசமும் கூடும். 40, 45 செ.மீ. மீன் சாப்பாட்டுக்குத் திறம். 63க்கு மேல வாறது அநேகமா முட்டைப் பெட்டை. சட்டம் ஒண்டுக்கு இடம் விட்டாலும் நான் விட்டிடுவன்.

விடுற மீனை வாயில விரல் வைச்சுத் தூக்காதேங்கோ, நாய்ப்பல் இருக்கு. செவுள் மூடி விளிம்பும் கத்தி, முதல் முதுகுச் செட்டையும் குத்தும். கையை நனைச்சு, ஒரு கை வயித்துக்குக் கீழ, ஒரு கை வாலடியில. ஓட்டமில்லாத ஓரத்தில தலையை மேலோட்டம் பாத்துப் பிடிச்சு, தானே உதைச்சுப் போகும் வரை வைச்சிருங்கோ.

பாஸ் மீன் வந்து கடிக்கும், மே மாதத்தில அதை வைச்சிருக்கேலாது, உடனே விடோணும்.

ஸ்காபுரோ_சுதன்

கடைசிக் கேள்வி. அந்தக் கிழமை வியாழன் பெருமழை எண்டால் சனி போறதா விடுறதா?

ஆத்தங்கரை

வெள்ளி இரவு நீரளவைத் தளத்தில ஓட்ட வரைகோட்டைப் பாருங்கோ. ஏறிக்கொண்டே இருந்தால் ஆற்றை விட்டிட்டுக் கீழ, குடா வாயில, துறைமுகப் பக்கம் போங்கோ. ஆற்றின்ர கலங்கல் குடாவின்ர தெளிவைத் தொடுற விளிம்பில மீன் நிக்கும். 1/4 அவுன்ஸ், சார்ட்ரூஸ், மின்னோ. ஏறி முடிஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தால் ஆற்றுக்கே போங்கோ. வெள்ளத்தில நடு ஆறு இழுக்கேக்க மீன் கரையோரத்துக்கு ஒதுங்கும், அரை எறிதூரம் காணும். சப்பாத்து நுனியை 40 செ.மீ. தண்ணிக்குள்ள வைச்சால் தெரியுதா எண்டு பாருங்கோ. தெரிஞ்சால் பிடிக்கலாம். தெரியாட்டி ட்ரென்டனில நல்ல கோப்பிக் கடை இருக்கு.

டெட்ராய்ட்_குமரன்

வியாழன் மழைன்னா மரக்கிளையெல்லாம் மிதந்து வரும். 1/2 அவுன்ஸ் இன்னும் பத்து சேர்த்து வாங்கிக்கோங்க.